சிவப்பு மார்க் மாப்பிள்ளை

உக்காருங்க, உக்காருங்க. நெழல் இந்த மரத்தடியில மட்டும்தான் இருக்குது. அந்தக் கயித்துக்கு அக்கட்ட கால் வெச்சிராதீங்க, கையில அட்டை பிடிச்சுட்டு நிக்குது பாருங்க ஒரு பொண்ணு, அது சண்டைக்கு வந்துரும். போனை சைலண்ட்ல போட்டுட்டீங்களா? போட்டிருங்க. இங்க இருமறதுக்கே பர்மிசன் வாங்கோணும்.

ஆபீஸ்ல பாஸ் கொடுத்தாங்களா? அப்ப கோல்ஃப் பார்க்கறது முதல் தடவைங்களா? நல்லதாப் போச்சு. உங்க மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுதுங்க. போன வருசம் நானும் இப்படித்தான் இதே மரத்தடியில முழிச்சுட்டு நின்னேன்.

என்ற பேரு நாச்சிமுத்துங்க, பொள்ளாச்சிப் பக்கம். கணக்கு வாத்தியாரா இருந்து ரிட்டையர் ஆனவன். என்ற மாப்பிள்ளை இங்க இருக்காருங்க. இல்லைங்க, பார்க்க வரலை, ஆடறார். நிரஞ்சன்னு பேரு. அவர் இந்தப் பக்கம் வர இன்னும் நேரம் கிடக்குது. அதுக்குள்ள ஒரு சமாச்சாரம் சொல்றேன் கேளுங்க, உங்களுக்கும் பொழுது போகும். நடுவுல யாராச்சும் ஆட வந்தா மட்டும் வாயை மூடிக்குவேன், தப்பா எடுத்துக்காதீங்க.

என்ற பொண்ணு மோகனா பிசியோதெரபி படிச்சவ. கோயமுத்தூர்ல ஆஸ்பத்திரி வேலை. அங்க இந்தப் பையன் தோள்ல பிசகுன்னு வந்திருக்கான். அப்ப அவன்தானுங்க, இன்னும் அவர் ஆகலை. இவ தோளைப் பிடிச்சுவிடப் போயி ஆளையே பிடிச்சுட்டு வந்துட்டா.

"பையன் என்னம்மா பண்றான்?"னு கேட்டேன்.

"கோல்ஃப் ஆடறார்ப்பா."

"அது சாயங்காலம். காலையில என்ன பண்றான்?"

"காலையிலயும் கோல்ஃப்தான்ப்பா ஆடறார்."

எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க. பையனோட அப்பா குன்னூர்ல பேக்கரி வெச்சிருக்கார். வர்க்கி நல்லா இருக்கும், பொய் சொல்லக் கூடாது, இப்பவும் மாசம் ஒரு பொட்டலம் வந்துருது. "பேக்கரியைப் பார்த்துக்கற பையன்னாக்கூட நான் சரின்னுருவேன் அம்மணி, குச்சியை வெச்சுட்டுப் பந்தைத் தட்டறவனுக்குப் பொண்ணைக் கொடுத்துட்டு ஒறம்பரை சனத்துக்கு நான் என்ன பதில் சொல்றது?"ன்னு கேட்டேன். சாதி சனமெல்லாம் நான் பார்க்கறவன் இல்லைங்க. உத்தியோகம் பார்ப்பேன். அவ்வளவுதான்.

எங்க அக்கா வேற சும்மா இருக்கலை. திருப்பூர்ல பனியன் கம்பெனிக்காரர் பையன் ஒருத்தனைப் பிடிச்சுட்டு வந்துட்டா. புதன்கிழமை வந்து உறுதி வார்த்தை பேசிக்கலாம்னு நாளும் குறிச்சாச்சு. வீட்டுல மூணு நாளாச் சோறு இறங்கலை. மோகனா அழுகலைங்க, அழுதாக்கூடச் சமாளிச்சிருப்பேன். வெள்ளிக்கிழமை எம் முன்னால வந்து உக்காந்தா.

"அப்பா, ஞாயித்துக்கிழமை போட்டியோட கடைசி நாள். ஒரே ஒரு நாள் வந்து அவர் ஆடறதைப் பாருங்க. பார்த்துட்டு வேண்டாம்னு சொன்னீங்கன்னா வேண்டாம். திருப்பூருக்கே சரின்னு சொல்லிர்றேன்."

என்ற பொண்ணு ஒரு வார்த்தை சொன்னா சொன்னதுதானுங்க, அந்த விசயத்துல என்னை மாதிரி. நானும் ஒரு கண்டிசன் போட்டேன். நாங்க வர்றது அந்தப் பையனுக்குத் தெரியக் கூடாது. இன்ஸ்பெக்சனுக்கு ஆள் வர்றாங்கன்னு முன்கூட்டியே சொன்னா எந்தப் பையன்தான் ஒழுங்கா உக்கார மாட்டான்?

என்ற சம்சாரம் சரோஜினி "நானும் வர்றனுங்க"ன்னா. அவளுக்கு இந்த விளையாட்டைப் பத்தி ஒரு எழவும் தெரியாது, பாவம். ஆனா அதுக்கு முந்தி ஆறு மாசமாத் தாயும் மகளும் பொழுதோட போனுக்குள்ள தலையை விட்டுட்டுப் பச்சைப் பசேல்னு என்னமோ பார்ப்பாங்க. நான் போனா அணைச்சிருவாங்க. பட்டுச்சேலை பார்க்கறாங்கன்னு விட்டுட்டேன்.

உஷ்... சித்த இருங்க. ஆள் வந்துட்டாங்க.

...

ம். போயிட்டாங்க. பார்த்தீங்களா, அந்தப் பொண்ணு அட்டையைத் தூக்கினதும் இத்தனை சனமும் கப்சிப்னு நின்னுது. நானும்தான் கத்திப் பார்த்திருக்கேனுங்க, பிரம்பைத் தூக்கியும் பார்த்திருக்கேன், எங்க எட்டாம் வகுப்பு ஒரு நாளும் இப்படி நின்னதில்லை. மயிலுக்கு மட்டும் இங்க யாரும் அட்டை காட்ட முடியாது. அது பாட்டுக்கு அகவும்.

எங்க விட்டேன்? ஆங், ஞாயித்துக்கிழமை. மோகனாவுக்கு இங்கேயே ஆட்டக்காரங்க கூடாரத்துல வேலை. யாருக்காச்சும் கால் பிடிச்சுக்கிட்டா இழுத்துவிடோணும். எங்களைக் கேட்டுல விட்டுட்டு அவ போயிட்டா. நானும் சரோஜினியும் கழுத்துல பாஸை மாட்டிட்டு, கையில புளிசாதத்தோட உள்ள வந்தோம். வந்ததும் நான் முதல்ல என்ன பார்த்தேங்கறீங்க? மார்க்கைப் பார்த்தேன். வாத்தியாருங்களே, கண்ணு வேற எங்க போகும்?

அதோ, அந்தப் பெரிய போர்டு. உத்துப் பாருங்க. சில பேருக்குக் கறுப்புல மார்க் போட்டிருக்குதா? சில பேருக்குச் சிவப்புல, முன்னால ஒரு கழித்தல் குறி வெச்சுப் போட்டிருக்குதா? நிரஞ்சன் பேருக்கு நேரா சிவப்புல மைனஸ் பத்துன்னு இருந்துச்சு.

என்ற சர்வீஸ்ல எத்தனை மார்க் சீட்டு பார்த்திருப்பேன். சிவப்பு மையில போடறது யாருக்குங்க? ஃபெயில் ஆனவனுக்கு. அதுலயும் சுழியத்துக்குக் கீழ! நான் சுழியம் போட்டிருக்கேன், மறுக்கலை. மைனஸ் பத்து எந்தப் பையனுக்கும் போட்டதில்லைங்க.

"யாரையாச்சும் கேளுங்களேன்"னு சரோஜினி சொன்னா. தெரியாததைப் பக்கத்துல இருக்கறவன்கிட்டக் கேக்கற பழக்கம் நமக்கு ஏது? நானே பார்த்துப் புரிஞ்சுக்கிட்டேன். அவளுக்கும் விளக்கினேன். "கறுப்புல கூட்டல் குறி போட்டிருக்கறவங்க பாஸ். சிவப்புல கழித்தல் குறி போட்டவங்க ஃபெயில். ஃபெயிலானவங்க பேரை எதுக்கு மேல போட்டிருக்காங்கன்னா, வர்றவங்க கண்ணுல படறதுக்கு. ஸ்பெசல் கிளாஸுக்கு வரவேண்டியவங்க பேரை நாங்களும் நோட்டீஸ் போர்டுல மேலதான் ஒட்டுவோம். இந்தப் பையன் ரெண்டாவது பேரா இருக்கான். கேவலம்."

சரோஜினி என்னையே ஒரு நிமிசம் பார்த்தா. போர்டைப் பார்த்தா. அப்புறம் முந்தானையை எடுத்து வாயில வெச்சு அழுத்திக்கிட்டா. தோளெல்லாம் குலுங்குது. பொம்பளை மனசு, தாங்கலை. "அழுகாதே, இன்னும் ஒண்ணும் கெட்டுப் போகலை. திருப்பூர் இருக்குது"ன்னு தட்டிக் கொடுத்தேன்.

அவன் ஆட வர்றதுக்கு நேரம் இருந்துச்சு. அதுவரைக்கும் முன்னால போற ஆளுகளைப் பார்த்தோம். ஒருத்தன் வந்தான், போர்டுல கூட்டல் பதிமூணு, நல்ல கெட்டிக் கறுப்பு. ஆனா மூஞ்சி இஞ்சி தின்ன குரங்கு மாதிரி இருந்துச்சு. பந்தை அடிச்சுட்டு மட்டையைத் தரையில ஓங்கி ஒரு போடு. பை தூக்கிட்டு வர்றவர் மேல எரிஞ்சு விழறான். "பார்த்தியா, முதல் மார்க் வாங்கறவனுக்கு எப்பவும் மண்டைக்கனம்தான்"னேன். சரோஜினிக்கு மறுபடியும் தோள் குலுங்கிருச்சு.

கடைசியாத்தான் நிரஞ்சனை விட்டாங்க. கூட ஒரு சர்தார், சண்டிகர்க்காரராம், அவரும் சிவப்புதான். கடைசி பெஞ்சு ரெண்டையும் கடைசியா அனுப்பறாங்கன்னு புரிஞ்சுக்கிட்டேன். ஆனா ஒண்ணுங்க. அத்தனை கூட்டமும் அதுவரைக்கும் சும்மா நின்னுட்டு, இவங்க பின்னாலயே கிளம்பிருச்சு! டிவிக்காரன் வேற கேமராவைத் தூக்கிட்டு ஓடறான். தோக்கறவனை இப்படி ஊரே வேடிக்கை பார்க்கறதான்னு எனக்கு ஆத்திரமான ஆத்திரம். அப்புறம் பார்த்தா, அவன் ஒவ்வொரு தடவை அடிச்சதும் எல்லாரும் கை தட்டறாங்க. ஓஹோ, தேத்திவிடறாங்க போலன்னு தோணுச்சு. மோசமில்லை, பண்பான சனம்தான்னு நானும் சேர்ந்து தட்டினேன். தட்டத் தட்ட, உள்ள என்னமோ இளகிருச்சுங்க.

ஏன்னு சொல்றேன். பரீட்சைப் பேப்பர் திருத்திக் கொடுக்கறப்ப நான் மார்க்கைப் பார்க்க மாட்டேன், வாங்கற மூஞ்சியைப் பார்ப்பேன். ஒருத்தன் வாங்கினதும் கசக்குவான். ஒருத்தன் பக்கத்துல இருக்கறவன் மார்க்கை எட்டிப் பார்ப்பான். ஒருத்தன் "சார், கூட்டல் தப்பு"ன்னு சண்டைக்கு வருவான். எப்பவாச்சும் ஒருத்தன், சிவப்பு மார்க்கையே வெச்சுட்டு எங்க தப்புன்னு நிதானமாப் பார்த்துட்டு உக்காந்திருப்பான். அந்த மாதிரிப் பையன் எங்க போனாலும் பொழைச்சுக்குவானுங்க. இந்த நிரஞ்சன் அப்படித்தான் நடந்து வந்தான். பந்து குழியில விழுந்தாலும் அதே நடை, விழாட்டியும் அதே நடை. சர்தார் நல்லா அடிச்சா இவன் தலையாட்டிச் சிரிக்கறான். சுழியத்துக்குக் கீழ அத்தனை ஆழத்துல கிடக்கறவன் இப்படிச் சிரிக்க முடியுமான்னு எனக்கு ஒரே அதிசயம்.

ஆனா மார்க்கு மட்டும் மோசமாயிட்டே போச்சு. மைனஸ் பதினொண்ணு. அப்புறம் மைனஸ் பன்னண்டு. சரோஜினி கண்ணை மூடிட்டு "முருகா, இன்னும் ஒண்ணு குறைச்சுக் கொடு"ன்னு வேண்டறா. பதட்டத்துல கூட்டறதா குறைக்கறதான்னுகூட அவளுக்குத் தெரியலை, பாவம்.

உஷ்... மறுபடியும் அட்டை.

...

அந்த வெள்ளைத் தொப்பி நல்லா அடிச்சாருங்க. நீங்களும் தட்டுங்க, அடிச்சப்புறம் தட்டலாம். அடிக்கறதுக்கு முன்னால மட்டும் தட்டக் கூடாது.

இப்ப முக்கியமான இடத்துக்கு வந்துட்டேன், கவனமாக் கேளுங்க. நாம உக்காந்திருக்கோமே, இந்த மரம். நடந்து நடந்து சரோஜினிக்குக் கால் வலின்னு இங்க வந்து உக்காந்தோம். அங்கிருந்து நிரஞ்சன் அடிச்ச பந்து தப்பிப் போயி, தோ இந்த வேருக்கு ஒரு முழம் தள்ளி வந்து நின்னுருச்சு. எங்க காலடியிலதானுங்க! சனமெல்லாம் ஓடி வந்துச்சு, கயித்தை விலக்கி எல்லாரையும் தள்ளி நிக்கச் சொன்னாங்க. நான் மட்டும் மரத்தோட ஒட்டி நின்னுக்கிட்டேன். அவன் வந்தான். தலை நிமிரவே இல்லை. பந்துக்குப் பக்கத்துல ஒரு காஞ்ச குச்சி கிடந்துச்சு. குனிஞ்சு அதை மெதுவா எடுத்தான். எடுக்கறப்ப பந்து ஒரு நெல்லளவு உருண்டுச்சு.

நான் பார்த்தேன். அவன் முதுகு மறைச்சதுல வேற யாருக்கும் தெரிஞ்சிருக்க முடியாது. கேமராவும் அக்கட்டதான் இருந்துச்சு. நெல்லளவுதானுங்க, அதுல என்ன இருக்குதுன்னு நான் நெனச்சேன். அவன் அப்படியே நிமிர்ந்து கையைத் தூக்கி ரெஃப்ரீயைக் கூப்பிட்டான். அவர் வந்தார். இங்கிலீஸ்லதான் பேசிக்கிட்டாங்க, ஆனா எனக்கு நல்லாக் கேட்டுச்சு. "பந்து நகர்ந்துருச்சு. நான்தான் நகர்த்தினேன்." அவர் "நிச்சயமாவா? நான் பார்க்கலையே"ங்கறார். "நிச்சயமா"ங்கறான். அவர் என்னமோ சொன்னார், இவன் தலையாட்டிட்டுப் பந்தை எடுத்துப் பழைய இடத்துலயே வெச்சு அடிச்சான்.

அந்தக் குழி முடிஞ்சதும் போர்டைப் பார்த்தேன். மைனஸ் பன்னண்டு இருந்தது மைனஸ் பதினொண்ணு ஆயிருந்துச்சு!

எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்ல முடியாதுங்க. "சரோஜினி, பார்த்தியா! உண்மையைச் சொன்னதுக்கு ஒரு மார்க் போட்டுக் கொடுத்துட்டாங்க! இதல்லவா விளையாட்டு! எங்க ஸ்கூல்ல உண்மை பேசினதுக்கு யாராச்சும் மார்க் போட்டோமா? இத்தனை நாள் இதைத் தட்டுக்கெட்ட விளையாட்டுன்னு நெனச்சுட்டேனே!"ன்னேன். அவ மட்டும் சிரிக்கலை. கண்ணெல்லாம் தண்ணி. இந்தத் தடவை தோள் குலுங்கலை, சும்மா தண்ணி மட்டும் வந்துச்சு. "நல்ல பையனுங்க"ன்னா. "இதுக்குப் போயி எதுக்கு அழுகறே, மார்க்கு ஏறியிருக்குது"ன்னேன். "அதாங்க"ன்னு சொல்லி மூக்கைச் சிந்திக்கிட்டா.

கடைசிக் குழி முடிஞ்சப்ப நிரஞ்சனும் மைனஸ் பதினொண்ணு, சர்தாரும் மைனஸ் பதினொண்ணு. எல்லாரும் கிளம்புவாங்கன்னு பார்த்தா, யாரும் நகரலை. ரெண்டு பேரையும் திரும்ப அந்தக் கடைசிக் குழிக்கே கூட்டிட்டுப் போறாங்க. எனக்குப் புரிஞ்சு போச்சு. மறுதேர்வு! ஃபெயிலான ரெண்டு பேருக்கும் ஒரு வாய்ப்புக் கொடுக்கறாங்க. கறுப்பு மார்க்குக்காரங்களை எல்லாம் வீட்டுக்கு அனுப்பிட்டாங்களே. கையைப் பிசைஞ்சுட்டு நின்னேனுங்க. நான் யாரு அவனுக்கு? ஆனா இந்த மறுதேர்வுலயாச்சும் அவன் தேறோணும்னு எங்க குலதெய்வத்துக்குக் கிடாய் வேண்டிக்கிட்டேன். சரோஜினி என்ற கையைப் பிடிச்சுக்கிட்டா. கல்யாணத்தன்னிக்கு ஐயர் சொல்லிப் பிடிச்ச கை, அவளாப் பிடிச்சது அன்னிக்குத்தான்.

சர்தார் பந்தைத் தட்டினார். உருண்டு உருண்டு போயி குழியில விழுந்துருச்சு. நிரஞ்சன் தட்டினான். போச்சு, குழியோட விளிம்புல ஒரு சுத்துச் சுத்துச்சு, விழலை. வெளிய வந்து நின்னுருச்சு.

நானும் சரோஜினியும் ஒண்ணாக் கத்திட்டோம். அட்டை பிடிச்ச பொண்ணு திரும்பி முறைச்சுது. முறைக்கட்டும்னு விட்டுட்டேன். அங்க அவன் ஒரு நொடி கண்ணை மூடினான். அவ்வளவுதான். அப்புறம் தொப்பியைக் கழட்டிட்டு நேராப் போயி சர்தாரைக் கட்டிப் பிடிச்சான். என்னமோ சொன்னான், அவர் விழுந்து விழுந்து சிரிச்சார். மறுதேர்வுலயும் ஃபெயிலான பையன் பாஸானவனைச் சிரிக்க வெக்கறானுங்க! என்ற சர்வீஸ்ல அப்படி ஒரு பையனை நான் பார்த்ததில்லை.

அப்பத்தான் முடிவு பண்ணினேன். ஜெயிச்ச பையனுக்கு எவன் வேணும்னாலும் பொண்ணு கொடுப்பான். நான் இந்தப் பையனுக்குக் கொடுப்பேன். நாளைக்கு வீட்டுல என்ன நடந்தாலும் மட்டையைத் தூக்கிப் போட்டு உடைக்க மாட்டான், என்ற பொண்ணு மேல எரிஞ்சு விழ மாட்டான். சம்பாதிக்க முடியலையா, குன்னூர்ல பேக்கரி இருக்கவே இருக்குது.

கயித்தைத் தாண்டி நேராப் போனேன். ஆமாங்க, நானேதான் தாண்டினேன். தடுக்க வந்தவங்ககிட்ட "நான் மாமனார், விடு"ன்னேன். மோகனாவும் கூடாரத்துல இருந்து அங்க வந்திருந்தா, என்னைப் பார்த்ததும் வெளிறிப் போயிட்டா.

"தம்பி, நான் மோகனாவோட அப்பா"ன்னேன்.

அவன் கையில இருந்த தொப்பி கீழ விழுந்துருச்சு. பந்து சுத்தி வெளிய வந்தப்பக்கூட அந்தப் பையன் அப்படி ஆடிப் போகலைங்க. "சார்..."ன்னான்.

"காலையில இருந்து பார்த்துட்டுத்தான் இருக்கேன். தோத்துட்டியேன்னு வருத்தமா இருக்குதா?"

"இருக்குதுங்க சார். தோத்துட்டேனுங்க."

"வருத்தப்படாதே. ஜெயிக்கறவனைப் பத்தி எனக்குக் கவலை இல்லை. உன்னை மாதிரித் தோத்துட்டு நிக்கத் தெரிஞ்சவனுக்குத்தான் என்ற பொண்ணைக் கொடுக்கோணும்னு இருந்தேன். கொடுத்துட்டேன், போ."

சுத்தி நின்னவங்க எல்லாம் கை தட்டிட்டாங்க. சர்தாருக்கு யாரோ மொழிபெயர்த்துச் சொன்னதும் அவர் என்னையும் தூக்கிச் சுத்திட்டார், என்ற செருப்பு ஒண்ணு அந்தப் புல்லு மேலயே கிடந்துச்சு. மோகனா அப்பத்தானுங்க அழுதா. அப்புறம் என்னமோ பரிசெல்லாம் கொடுத்தாங்க. சர்தாருக்குப் பெரிய கப்பு. நிரஞ்சனுக்கு ஒரு வெள்ளித் தட்டு. ஆறுதல் பரிசு போலன்னு நெனச்சு நல்லா ஓங்கித் தட்டினேன்.

வெளிய வந்ததும் முதல் வேலையா எங்க அக்காவுக்குப் போன் போட்டேன். "புதன்கிழமை திருப்பூர்க்காரங்களை வர வேண்டாம்னு சொல்லிரு. மாப்பிள்ளை கிடைச்சாச்சு."

"ஆருடா? அந்தப் பந்தடிக்கறவனா? இன்னிக்குப் போட்டின்னியே, ஜெயிச்சானா?"

"தோத்துட்டான். படு தோல்வி."

"தோத்தவனுக்கா பொண்ணைக் கொடுக்கறே? உனக்கு என்ன, புத்தி கித்தி பேதலிச்சுப் போச்சா?"

"ஆமாக்கா. தோத்தவனுக்குத்தான் கொடுக்கறேன்"னு வெச்சுட்டேன்.

மோகனா கார் ஓட்டினா, நாங்க ரெண்டு பேரும் பின்னால. கிணத்துக்கடவு தாண்டினதும் எனக்கு ஒரு ரோசனை வந்துச்சு. இனிமே நம்ம பையன் ஆயிட்டானுங்களே, அக்கறையில சொன்னேன். "அம்மணி, மாப்பிள்ளைகிட்டச் சொல்லு. குணமெல்லாம் சரிதான், ஆனா மைனஸ் பதினொண்ணெல்லாம் ரொம்ப மோசம். கொஞ்சம் முயற்சி பண்ணி ஒரு கூட்டல் ரெண்டு மூணாவது எடுக்கப் பார்க்கச் சொல்லு."

கார் அப்படியே ரோட்டோரம் நின்னுருச்சு. மோகனா திரும்பி என்னைப் பார்த்தா. அப்புறம் அவ அம்மாவைப் பார்த்தா. சரோஜினி ஜன்னல் வழியாத் தென்னந்தோப்பைப் பார்த்துட்டு இருந்தா.

"அப்பா, மைனஸ்னா நல்லதுப்பா."

"என்னது?"

"ஒவ்வொரு குழிக்கும் இத்தனை அடியில பந்தைப் போடோணும்னு ஒரு கணக்கு இருக்குதுப்பா. அதைவிடக் குறைச்சலா அடிச்சா மைனஸ். எவ்வளவு குறைச்சலோ அவ்வளவு நல்லது. நல்லா ஆடறவங்க மார்க்கைத்தான் சிவப்புல போடுவாங்க. இன்னிக்கு அவர் ரெண்டாவது இடம்."

எனக்கு ஒண்ணொண்ணாத் திரும்பி வருது. கூட்டம் பின்னால ஓடினது, டிவிக்காரன், மறுதேர்வு, வெள்ளித் தட்டு. "உனக்குத் தெரியுமா?"ன்னு சரோஜினியைக் கேட்டேன். "எனக்கு என்னத்தைங்க தெரியும்? நீங்க சொன்னதைத்தானே கேட்டுட்டு இருந்தேன்"னா. அதுவும் சரிதான். நான் தப்பாச் சொல்லிக் கொடுத்தா அவ எப்படிச் சரியாப் புரிஞ்சுக்குவா, பாவம்.

அப்பத்தான் அந்தக் குச்சி ஞாபகத்துக்கு வந்துச்சு.

"அப்ப அம்மணி, அந்த மரத்தடியில உண்மையைச் சொன்னதுக்கு ஒரு மார்க் கொடுத்தாங்களே?"

"கொடுக்கலைப்பா. எடுத்துட்டாங்க. பந்தை நகர்த்திட்டா ஒரு அடி தண்டனை. அவரே கேட்டு வாங்கிக்கிட்டார்."

கணக்கு வாத்தியாருங்க நான். அந்த ஒண்ணு போகாம இருந்திருந்தா மைனஸ் பன்னண்டு. சர்தார் மைனஸ் பதினொண்ணு. மறுபடி ஆடற பேச்சே இல்லை, கப்பு இவர் கையில. ஒரு நெல்லளவு உருண்ட பந்து. பார்த்தது நான் ஒருத்தன். நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன், அது தப்புன்னே எனக்குத் தெரியாது. அவர் பேசாம அடிச்சுட்டுப் போயிருந்தா இந்த உலகத்துல ஒருத்தருக்கும் தெரியாது. கையில வந்த கப்பை அவரே எடுத்து அந்த ரெஃப்ரீகிட்டக் கொடுத்திருக்கார். நான் என்னடான்னா மார்க்கு ஏறிடுச்சுன்னு குதிச்சுட்டு நின்னிருக்கேன். சொல்றதுக்கு என்ன வெக்கம், அழுதுட்டேன்.

மோகனாகிட்ட இருந்து போனை வாங்கி அவருக்கே போட்டேன். ஆமாங்க, கிணத்துக்கடவுல இருந்து அவர் 'அவர்' ஆயிட்டார்.

"ஏனுங்க மாப்பிள்ளை, அத்தனை பேர்ல நீங்க ரெண்டாவது வந்திருக்கீங்க. மைனஸ்னா என்னன்னு தெரியாம நான் கடைசிப் பையன்னு நெனச்சுட்டுப் பேசியிருக்கேன். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதுங்களா?"

அக்கட்ட இருந்து மெதுவாச் சொன்னார்.

"தோத்தவனுக்குத்தான் பொண்ணுன்னு சொன்னீங்க மாமா. இத்தனை வருசமா ஆடறேன், தோத்ததுக்கு எனக்கு யாரும் எதுவும் கொடுத்ததில்லை. அதான், எங்க ரெண்டாவதுன்னு சொன்னா மனசு மாறிருவீங்களோன்னு பேசாம நின்னுட்டேனுங்க."